பழைய கம்ப்யூட்டரின் புக்மார்க்குகளைப் புதியதற்குக் கொண்டுபோவது எப்படி?

போன மாதம் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் புது லேப்டாப்போடு கடைக்கு வந்தார். மகன் வாங்கிக் கொடுத்தது. வீட்டிலிருக்கும் பழைய டெஸ்க்டாப்பை உறவுக்காரப் பிள்ளைக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். "போட்டோ, பத்திரம் ஸ்கேன் பண்ணது எல்லாத்தையும் பென்டிரைவில ஏத்திட்டேன் தம்பி. ஆனா காலையில மேட்டூர் நீர்மட்டம் பார்ப்பேன்ல, அந்த நட்சத்திரம் போட்டு வச்ச பக்கமெல்லாம் இதுல காணோமே" என்றார்.

பழையதை இன்னும் கொடுக்கவில்லை என்பது நல்லதாகப் போயிற்று. "ஐயா, அதை அப்படியே வைங்க, சாயங்காலம் வர்றேன்" என்று சொல்லி அனுப்பினேன். அரை மணி நேர வேலைதான். அவருடைய பட்டியலில் நூற்றுக்கும் மேலே இருந்தது. பட்டா சிட்டா பார்க்கும் பக்கம், வில்லங்கச் சான்று, பயிர்க் காப்பீடு, சென்னை வானிலை மையம், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர்ப் பாதுகாப்புப் பக்கங்கள், பேத்திக்காக டிஎன்பிஎஸ்சி பக்கம் என்று பல வருடமாகச் சேர்த்தது.

திருத்துறைப்பூண்டியில் ஆன்லைன் விண்ணப்பம், டைப்பிங், ஜெராக்ஸ் என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்த பிறகு, கம்ப்யூட்டர் மாற்றுகிறவர்கள் அதிகம் வருகிறார்கள். போட்டோவை யாரும் மறப்பதில்லை. புக்மார்க்கைத்தான் மறக்கிறார்கள். அதை எப்படி எடுத்துப் போவது என்று, இதுவரை இந்த வேலையைத் தொட்டே பார்க்காதவரும் தானே செய்துகொள்ளும்படி எழுதுகிறேன்.

முதலில், புக்மார்க் எங்கே இருக்கிறது?

இணையப் பக்கம் ஒன்றைப் பார்க்கும்போது மேலே முகவரிப் பெட்டியின் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் தெரியும். அதை அழுத்தினாலோ, கண்ட்ரோல் விசையோடு டி எழுத்தை அழுத்தினாலோ அந்தப் பக்கத்தின் முகவரி பிரவுசரில், அதாவது குரோம், எட்ஜ் போல இணையம் பார்க்க உதவும் மென்பொருளில், பதிந்துவிடும். அதுதான் புக்மார்க். எட்ஜ் பிரவுசரில் இதையே ஃபேவரிட்ஸ் என்பார்கள்.

பதிவது முகவரி மட்டும்தான், பக்கம் அல்ல. ஒருவருடைய வீட்டு விலாசத்தை நோட்டில் எழுதி வைத்திருப்பது போல. அவர் வீடு மாறிவிட்டால் நோட்டிலிருக்கும் விலாசம் தானாக மாறாது. இது பின்னால் ஓரிடத்தில் உதவும்.

இந்த முகவரிகள் டாகுமென்ட்ஸ் ஃபோல்டரிலோ டெஸ்க்டாப்பிலோ இருப்பதில்லை. பிரவுசர் தனக்கென்று வைத்திருக்கும் மறைவான ஃபோல்டருக்குள் இருக்கின்றன. அதனால்தான் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிவிட்டோம் என்று நினைக்கும்போதும் இவை விட்டுப்போகின்றன. பிரவுசரிடம் சொல்லி வெளியே எடுக்க வேண்டும்.

பழைய கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியது

நம் ஊரில் பெரும்பாலும் குரோம்தான், அதையே விரிவாகச் சொல்கிறேன்.

குரோமைத் திறந்ததும் வலது மேல் மூலையில் பாருங்கள். வட்டத்துக்குள் ஒரு எழுத்தோ முகப்படமோ இருக்கும். அதை அழுத்தினால் அந்தக் கம்ப்யூட்டரில் எத்தனை பேருக்குத் தனித்தனிக் கணக்கு போட்டிருக்கிறது என்று தெரியும். இதை ப்ரொஃபைல் என்கிறார்கள். அப்பாவுக்கு ஒன்று, கல்லூரி போகும் பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு இருந்தால், இருவருடைய புக்மார்க்கும் தனித்தனியாகத்தான் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு ப்ரொஃபைலுக்குள்ளும் போய், கீழே சொல்வதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அப்புறம் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். புக்மார்க் மேனேஜர் திறக்கும். விசைகளை அழுத்த வராதவர்கள் மேலே இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, அதில் 'புக்மார்க்ஸ்' என்று தொடங்கும் வரிக்குப் போனால் அங்கேயும் 'புக்மார்க் மேனேஜர்' இருக்கும். திறந்த பக்கத்தின் வலது மேல் ஓரத்தில், தேடும் பெட்டிக்குப் பக்கத்தில், இன்னொரு மூன்று புள்ளி இருக்கிறது. புதியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். குரோமின் மூன்று புள்ளி வேறு, இந்தப் பக்கத்தின் மூன்று புள்ளி வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. அதை அழுத்தினால் 'எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ்' என்று வரும்.

அதை அழுத்தியதும் கோப்பை எங்கே சேமிப்பது என்று கேட்கும். டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் போட்டால் நூறு கோப்புக்கு நடுவில் தேட வேண்டியிருக்கும். கோப்பின் பெயரில் அன்றைய தேதி தானாகவே வரும். அதோடு உங்கள் பெயரையும் சேர்த்துவிட்டால் இரண்டு ப்ரொஃபைல் இருக்கும் வீட்டில் குழப்பம் வராது. கடைசியில் எச்டிஎம்எல் என்று முடியும் பகுதியை மட்டும் அழித்துவிட வேண்டாம்.

இதற்கு இணைய இணைப்பே வேண்டாம். கம்ப்யூட்டர் ஆன் ஆனால் போதும். விண்டோஸ் 7 ஓடும் பழைய கம்ப்யூட்டராக இருந்தாலும் கவலை இல்லை. அதற்குக் கடைசியாக வந்த குரோம் 109ஆம் பதிப்பு. அதிலும் இந்த வசதி இதே போலத்தான் இருக்கிறது.

எட்ஜ் என்றாலும் அதே கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ தான். திறக்கும் பட்டியலின் மூன்று புள்ளியில் 'எக்ஸ்போர்ட் ஃபேவரிட்ஸ்' இருக்கும்.

ஃபயர்பாக்ஸில் அதே மூன்று விசையை அழுத்தினால் லைப்ரரி என்ற தனிச் சாளரம் வரும். அதன் மேல்பட்டையில் 'இம்போர்ட் அண்ட் பேக்கப்' என்று இருக்கும். அதற்குள் 'எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ் டு எச்டிஎம்எல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே இடத்தில் 'பேக்கப்' என்று ஒன்றும் இருக்கிறது. அது ஃபயர்பாக்ஸிலிருந்து ஃபயர்பாக்ஸுக்கு மட்டும்தான் ஆகும். புதியதில் எந்த பிரவுசர் வைத்துக்கொள்வது என்று முடிவாகாதவர்கள் எச்டிஎம்எல் கோப்பையே எடுங்கள்.

எச்டிஎம்எல் என்றால் எந்த பிரவுசரும் வாங்கிக்கொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் நெட்ஸ்கேப் என்று ஒரு பிரவுசர் இருந்தது. புக்மார்க் பட்டியலை எழுதி வைக்க அது ஒரு முறை வகுத்தது. நெட்ஸ்கேப் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் நீங்கள் இப்போது எடுத்த கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், முதல் வரியிலேயே நெட்ஸ்கேப் என்ற பெயர் இருக்கும். குரோமும் எட்ஜும் ஃபயர்பாக்ஸும் இன்றைக்கும் அந்த முறையில்தான் புக்மார்க் கோப்பை எழுதுகின்றன, படிக்கின்றன. நீண்ட நாள் நிற்கக்கூடிய ஒரு வடிவத்தில் நம் பட்டியல் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

கோப்பைத் திறந்து பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போக வேண்டாம்

டெஸ்க்டாப்பில் வந்த கோப்பை இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். பிரவுசரிலேயே ஒரு நீளமான பட்டியலாகத் திறக்கும். ஃபோல்டர் பெயர்கள் தலைப்பாகவும், அவற்றின் கீழே இணைப்புகள் வரிசையாகவும் இருக்கும். தமிழில் பெயர் வைத்திருந்தால் அதுவும் அப்படியே தமிழில் தெரியும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த நாலைந்து பக்கங்கள் அதில் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். பட்டியல் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தால் வேறு ப்ரொஃபைலையோ வேறு பிரவுசரையோ திறந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரியாக இருந்தால் பென்டிரைவில் ஏற்றுங்கள். கோப்பு சின்னதுதான். அதனால் இன்னொரு பிரதியை உங்களுடைய இமெயிலுக்கே அனுப்பி வைத்துவிடலாம். இரண்டையும் செய்யுங்கள் என்பேன். பென்டிரைவை உருவும் முன் திரையின் கீழ் ஓரத்தில் 'எஜெக்ட்' கொடுத்து எடுங்கள். அவசரமாக உருவி, பாதி எழுதிய கோப்போடு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதை வீட்டில் செய்யாமல் ஏதாவது ஒரு சென்டரில் செய்தால், வேலை முடிந்ததும் அங்கே இருக்கும் பிரதியை அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். இந்தக் கோப்பில் பாஸ்வேர்டு இருக்காது. ஆனால் எந்த பேங்கில் உங்களுக்குக் கணக்கு, என்னென்ன பார்க்கிறீர்கள் என்பதெல்லாம் தெரியும். அது அடுத்தவருக்குத் தேவையில்லாத விஷயம்.

புதிய கம்ப்யூட்டரில்

பென்டிரைவில் இருக்கும் கோப்பை முதலில் புதியதன் டெஸ்க்டாப்புக்கு நகலெடுங்கள். குரோமில் அதே புக்மார்க் மேனேஜர், அதே இரண்டாவது மூன்று புள்ளி. இந்த முறை 'இம்போர்ட் புக்மார்க்ஸ்'. கோப்பைக் காட்டிவிட்டு 'ஓப்பன்' கொடுத்தால் சில நொடியில் வந்துவிடும். எட்ஜிலும் ஃபேவரிட்ஸ் பட்டியலின் மூன்று புள்ளியில்தான் இம்போர்ட் இருக்கிறது. அதில் எச்டிஎம்எல் கோப்பு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபயர்பாக்ஸில் லைப்ரரிக்குள் 'இம்போர்ட் புக்மார்க்ஸ் ஃப்ரம் எச்டிஎம்எல்'.

ஃபயர்பாக்ஸ்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதே பட்டியலில் 'ரீஸ்டோர்' என்றும் இருக்கும். இம்போர்ட் என்பது இருப்பதோடு சேர்ப்பது. ரீஸ்டோர் என்பது இருப்பதை எடுத்துவிட்டுப் பழையதை வைப்பது. புது கம்ப்யூட்டரில் ஒரு மாதம் வேலை பார்த்து நாற்பது பக்கம் சேர்த்த பிறகு ரீஸ்டோர் கொடுத்தால் அந்த நாற்பதும் போய்விடும்.

இம்போர்ட் முடிந்ததும், "ஒண்ணுமே வரலையே" என்பார்கள். வந்திருக்கும். கண்ணில் படும் இடத்தில் இருக்காது. குரோமில் ஏற்கெனவே சில புக்மார்க் இருந்தால், புதிதாக வந்தவை பெரும்பாலும் 'இம்போர்ட்டட்' என்ற தனி ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முகவரிப் பெட்டிக்குக் கீழே இருக்க வேண்டிய புக்மார்க் பார் என்ற பட்டையே மறைந்திருக்கவும் கூடும். கண்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தினால் அது வெளியே வரும். இதெல்லாம் தெரியாமல் வரவில்லை என்று நினைத்து மூன்று தடவை இம்போர்ட் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு பக்கமும் மூன்று மூன்றாக நிற்கும். ஒரு தடவை கொடுங்கள், பிறகு தேடுங்கள்.

அந்த ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் கண்ட்ரோல், ஏ அழுத்தித் தேர்ந்தெடுத்து, இழுத்துப் புக்மார்க் பாரில் விட்டால் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது போலவே ஆகிவிடும்.

கூகுள் கணக்கு வழியாகவே வந்துவிடாதா?

வரும். இரண்டு கம்ப்யூட்டரிலும் குரோமில் ஒரே கூகுள் கணக்கில் நுழைந்து, 'சிங்க்' வசதியில் புக்மார்க்கையும் இயக்கினால் கோப்பே தேவையில்லை. போனிலும் அதே பட்டியல் வரும். சொந்த கம்ப்யூட்டர், சொந்தக் கணக்கு, பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறது என்றால் இது வசதியான வழி.

ஆனாலும் கோப்பையும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். முதல் காரணம், சிங்க் என்பது பிரதி அல்ல. ஒரே பட்டியலை இரண்டு இடத்தில் பார்ப்பதுதான். ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடத்திலும் அழியும். இரண்டாவது, நம் பக்கத்தில் பல வீட்டில் கம்ப்யூட்டர் பொதுவானது. தம்பியின் கணக்கில் அண்ணன் புக்மார்க்கும் கலந்து கிடக்கும். கடைக் கம்ப்யூட்டரிலோ ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ உங்கள் கணக்கைப் போட்டு சிங்க் கொடுத்தால், உங்கள் பட்டியல் மட்டுமல்ல, சேமித்த பாஸ்வேர்டுகளும் அங்கே போய்ச் சேரக்கூடும். அந்த மாதிரி இடத்தில் கோப்புதான் பாதுகாப்பு.

பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லை என்றால்

இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் கடையின் ஓடு பறந்து, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கரண்ட் வர நாள் கணக்கில் ஆனது. வந்த பிறகு சுவிட்சைப் போட்டால் பெட்டி அசையவில்லை. இருந்த மனநிலையில், மற்ற உடைந்த சாமான்களோடு அதையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். நிவாரண விண்ணப்பத்துக்கு ஜனங்கள் வந்து நிற்கும்போதுதான், எந்தப் பக்கமும் கையில் இல்லை என்பது உறைத்தது. ஆறு வருடமாகச் சேர்த்தவை. ஒவ்வொன்றாகத் தேடினேன். வந்தவர்கள் காத்துக் கிடந்தார்கள்.

பின்னால்தான் தெரிந்துகொண்டேன். கம்ப்யூட்டர் ஆன் ஆகாததற்குப் பெரும்பாலும் பவர் சப்ளையோ மதர்போர்டோ காரணமாக இருக்கும். கோப்புகளெல்லாம் பதிந்திருக்கும் ஹார்ட் டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். எனவே ஆன் ஆகாத கம்ப்யூட்டரை அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா யுஎஸ்பி கேபிள் வழியாகப் புதிய கம்ப்யூட்டரில் மாட்டலாம். டெஸ்க்டாப்பின் பெரிய டிஸ்க்குக்குத் தனியாக பவர் அடாப்டர் உள்ள கேபிள் வேண்டும், லேப்டாப் டிஸ்க்குக்கு யுஎஸ்பி மட்டும் போதும். கேபிள் இல்லை என்றால் சர்வீஸ் கடையில் இதைச் செய்து தருவார்கள். தண்ணீர் பட்டிருந்தால் நீங்களாக மாட்டிப் பார்க்காமல் அவர்களிடமே கொடுத்துவிடுவது நல்லது.

மாட்டியதும் புது டிரைவாகத் தெரியும். அதில் மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டச் சொல்ல வேண்டும். எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்தால் போதும். பிறகு யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா, டிஃபால்ட் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போங்கள். நடுவில் அனுமதி இல்லை என்று சொன்னால் 'கன்டினியூ' கொடுங்கள். டிஃபால்ட் ஃபோல்டருக்குள் புக்மார்க்ஸ் என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். முடிவில் எச்டிஎம்எல் என்றெல்லாம் எதுவும் இருக்காது, வெறும் பெயர்தான். இரண்டாவது ப்ரொஃபைல் வைத்திருந்தவர்களுடையது டிஃபால்டுக்குப் பக்கத்திலேயே ப்ரொஃபைல் 1 என்ற ஃபோல்டரில் இருக்கும்.

அந்தக் கோப்பை நகலெடுத்து, புதிய கம்ப்யூட்டரில் இதே வழியில் போய், அங்கே உள்ள டிஃபால்ட் ஃபோல்டரில் ஒட்டுங்கள். ஒட்டும்போது குரோம் முழுவதுமாக மூடியிருக்க வேண்டும். இது ஏற்கெனவே அங்கே இருக்கும் புக்மார்க்குகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும். எனவே குரோமைப் புதிதாக நிறுவிய கையோடு, சிங்க் இயக்குவதற்கு முன் செய்வது உத்தமம். ஏற்கெனவே புக்மார்க் சேர்ந்திருந்தால் அவற்றை முதலில் எச்டிஎம்எல்லாக எடுத்து வைத்துவிட்டு, பிறகு இம்போர்ட் செய்துகொள்ளலாம்.

ஃபயர்பாக்ஸ் தானாகவே அவ்வப்போது பேக்கப் எடுத்து வைக்கும். ஆப்டேட்டாவுக்குள் ரோமிங், மொசில்லா, ஃபயர்பாக்ஸ், ப்ரொஃபைல்ஸ் என்று போய், அங்கே எழுத்தும் எண்ணும் கலந்த பெயரில் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் 'புக்மார்க்பேக்கப்ஸ்' என்ற ஃபோல்டர் கிடைக்கும். அதில் கடைசித் தேதியுள்ள கோப்பைப் புதிய ஃபயர்பாக்ஸில் ரீஸ்டோர் வழியாகக் காட்டினால் போதும். ரீஸ்டோர் பயன்படும் இடம் இதுதான்.

வந்த பிறகு சில பக்கங்கள் திறக்காது

புது கம்ப்யூட்டரில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். முகவரியைத்தான் கொண்டுவந்தோம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதுதான் காரணம். சில தளங்கள் விலாசம் மாறியிருக்கும். இன்னும் பல, உள்ளே நுழைந்த பிறகு வந்த பக்கமாக இருக்கும். சர்வே எண் எல்லாம் கொடுத்துப் பட்டா திரையில் வந்த பிறகு அந்தப் பக்கத்துக்கு நட்சத்திரம் போட்டால், அடுத்த நாள் அது திறக்காது. அந்தப் பக்கம் உங்களுக்காக அந்த நேரத்துக்கு மட்டும் உருவானது. தளத்தின் முதல் பக்கத்துக்குத்தான் நட்சத்திரம் போட வேண்டும். பேங்க், காப்பீடு, தேர்வாணையம் எல்லாவற்றுக்கும் இப்படித்தான். பட்டாவைப் பிடிஎஃப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

பழையதில் இருக்கும்போதே குப்பையைக் களைந்துவிட்டு எடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. அவசரத்தில் தேவையானதும் போய்விடும். எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டு, புதியதில் உட்கார்ந்து நிதானமாகக் களையுங்கள். பெரியவருக்கு நான் நாலு ஃபோல்டர்தான் போட்டுக் கொடுத்தேன்: நிலம், விவசாயம், பேங்க், பிள்ளைகள். மேட்டூர் பக்கத்தையும் வானிலைப் பக்கத்தையும் ஃபோல்டருக்குள் போடாமல் பட்டையின் முதலிலேயே வைத்துவிட்டேன். ஜூன் 12க்கு அணை திறப்பார்களா, 120 அடியில் எத்தனை அடி நிற்கிறது என்று தினமும் பார்க்கிற மனிதருக்கு அது ஒரே அழுத்தில் வர வேண்டும்.

பழையதைக் கைமாற்றும் முன்

நடவு முடிந்த அன்றே மிச்ச நாற்று முடியை யாரும் மாட்டுக்குப் போட்டுவிடுவதில்லை. பயிர் பச்சை பிடிக்கும் வரை ஒரு ஓரமாக வைத்திருப்போம், விட்ட இடத்தில் நட வேண்டுமே. அது போலப் பழைய கம்ப்யூட்டரை இரண்டு வாரமாவது வைத்திருங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். முக்கியமாக, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் இந்த எச்டிஎம்எல் கோப்பில் வராது. அவற்றைத் தனியாகக் கோப்பாக எடுக்க வழி இருக்கிறது. ஆனால் அந்தக் கோப்பில் எல்லா பாஸ்வேர்டும் யாரும் படிக்கும்படி திறந்த எழுத்தில் இருக்கும். பென்டிரைவில் சுற்ற விடக்கூடிய கோப்பு அல்ல அது. நாலைந்து பாஸ்வேர்டுதான் என்றால் புதியதில் கையாலேயே ஒவ்வொன்றாகத் தட்டிவிடுவது மேல்.

இரண்டு வாரம் கழித்துப் பழையதை அழிக்கும்போது வரிசை முக்கியம். முதலில் சிங்க்கை அணைத்து, குரோமில் உங்கள் கணக்கிலிருந்து வெளியே வாருங்கள். அதற்குப் பிறகுதான் அங்கே எதையும் அழிக்க வேண்டும். சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போது பழையதில் புக்மார்க்குகளை அழித்தால், புதியதிலும் போனிலும் அவை ஒவ்வொன்றாக மறையும். அப்படி ஆகிவிட்டாலும் பதற வேண்டாம். இமெயிலில் அனுப்பி வைத்த கோப்பு இருக்கிறது, மறுபடி இம்போர்ட் கொடுங்கள்.